பாலத்தில் விழுந்த இருபது

நெரிடா பாஸெட்டிடம் "கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் என்ன" என்று கேட்டுப் பார்த்தவர்கள் பர்னி ஊரில் நிறையப் பேர். கேட்டுப் பலன் கண்டவர் ஒருவரும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கிளம்பும் நேரம் வந்துவிட்டால், வாயில் ரொட்டித் துண்டோடு ஓடி வருகிற பிள்ளையைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவாள். மறுநாள் அந்தப் பிள்ளை முதல் ஆளாக நிற்கும். பெற்றவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே மெச்சுவார்கள்.

குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் கால்பந்து மைதானத்தில் கோல் நடுவர் வேலை. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு கொடிகளோடு, கடல் பக்கமிருந்து அடிக்கிற மழையில் நட்டுவைத்த மாதிரி நிற்பாள். ஒரு வருடம் இறுதி ஆட்டம். கடைசி உதை அவளுடைய தங்கை மகன் உதைத்தது. பந்து கம்பத்தை லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது. மைதானமே எழுந்து ஆடியது. உரசியதைப் பார்த்தது நெரிடா ஒருத்திதான். அந்த ஊர்க் கால்பந்தில் பந்து எதிலும் படாமல் உள்ளே போனால் ஆறு புள்ளி, இரண்டு கொடி; கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளி, ஒற்றைக் கொடி. இரண்டு கொடிகளை எதிர்பார்த்த கூட்டத்தின் முன்னால் ஒற்றைக் கொடியை எடுத்து ஆட்டினாள். தங்கை அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளை விருந்துக்குக் கூப்பிடவில்லை. நெரிடா தனியாக ஒரு கோழியைச் சுட்டுத் தின்றுவிட்டு, "பட்டது பட்டதுதான்" என்று தட்டைக் கழுவினாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு விளையாட்டின் மேல் பைத்தியம் பிடித்தால் அது எந்த மாதிரிப் பைத்தியமாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விளையாட்டின் பெயர் சாம்பல் கோட்டை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திப் போகிற விளையாட்டு. அதில் ஒருவர் நடுவர். வழியில் எது வரும், எது கடிக்கும் என்பது அவர் பொறுப்பு. தப்புவதும் மாட்டுவதும் இருபது முகம் கொண்ட பகடையின் பொறுப்பு.

கிரிக்கெட் கிளப்பின் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவார்கள். நடுவர் டெஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். பெரிய உடம்பு, சின்னக் குரல். மீன்கடை வைத்திருக்கிற கீத் அவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். நெரிடாவையும் சேர்த்து இந்த மூன்று பேரும் தலை கறுத்திருந்த காலத்திலிருந்து ஒரே மேசை. பிறகு வந்து சேர்ந்தவர்கள் டானிகாவும் அவள் கணவன் லூக்காவும். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் வேலை, முப்பதைத் தாண்டாதவர்கள். கீத் கடையிலிருந்து, மாவுக்குள் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' என்கிற பலகாரம் கொண்டுவருவான். பகடையில் எண்ணெய்க் கை படக் கூடாது என்று நெரிடா ஒவ்வொரு வாரமும் சத்தம் போடுவாள். ஒவ்வொரு வாரமும் படும்.

கதையில் நெரிடாவின் வேடம் கோர்லா. பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரியான ஒரு திருடி. நிஜத்தில் பத்து பைசா எடுக்காதவள் கதையில் அரண்மனை அரண்மனையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கோர்லா சாகவில்லை. மற்றவர்கள் ஆளுக்கு ஏழெட்டு வேடங்களைப் புதைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். கோர்லா முதல் நாளிலிருந்து அதே கோர்லா. லான்செஸ்டனில் வருடம் ஒருமுறை நடக்கிற விளையாட்டுக் கூட்டத்தில் "அந்தக் கோர்லாக்காரி இவங்கதான்" என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து கைகொடுப்பார்கள். நெரிடா பெருமையை மறைக்கத் தெரியாமல் சிவந்து நிற்பாள்.

சாம்பல் கோட்டையில் சாவு வீச்சு என்று ஒன்று உண்டு. வேடம் சாகிற கட்டம் வந்தால், பகடையை ஆடுகிறவர் வீசக் கூடாது. நடுவர்தான் வீச வேண்டும். அதுவும் அவர் முன்னால் நிற்கிற மடிப்பு அட்டைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல். பிறகு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும். விழுந்ததை விழுந்தபடி சொல்வது நடுவர் கடமை என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது என்பது அடுத்தவர் குளிக்கும்போது கதவைத் தள்ளுவதற்குச் சமம். யாரும் செய்ய மாட்டார்கள், செய்தவனோடு யாரும் ஆட மாட்டார்கள். இந்த நம்பிக்கைக்காகத்தான் நெரிடா இந்த விளையாட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்க்காமல் நம்பலாம் என்கிற இடம் அவளுக்கு உலகத்தில் வேறு அதிகம் இல்லை.

அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். புதிய பதிப்பு வந்தது. வழவழப்பான காகிதம், பக்கத்துக்குப் பக்கம் படம், நடுவே ஒரு வரி: கதைக்கு எது நல்லதோ அதற்கேற்ப நடுவர் சாவு வீச்சின் எண்ணை மாற்றிச் சொல்லலாம்.

உலகம் முழுக்க இருந்த சாம்பல் கோட்டைக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். இணையத்தில் ஒரு பக்கம் மரபைக் கொன்றுவிட்டார்கள் என்று மாரடித்தது. மறுபக்கம் கிழடுகளே ஒதுங்குங்கள் என்றது. கனடாவில் ஒருவன் தன் பழைய புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்துப் போட்டு, செத்தால் இவற்றோடுதான் என்னைப் புதைக்க வேண்டும் என்று எழுதினான். நெரிடா அதற்கு இதயம் போட்டாள். காலையில் பேருந்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்து அவளும் எழுதுவாள். "பகடை பொய் சொல்லலாம் என்றால் பகடை எதற்கு? ஆளாளுக்கு ஆசைப்பட்டதைச் சொல்லிக்கொண்டு போங்களேன்" என்று அவள் எழுதியதை ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துப் பகிர்ந்தார்கள். அவளுக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டானிகா புதிய புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். இந்த மேசையில் ஒரு வழக்கம்: விதியை மாற்ற வேண்டுமென்றால் எல்லாக் கையும் எழ வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் பழையதுதான் நடக்கும். ஆகவே பேச்செல்லாம் நெரிடாவைப் பார்த்துத்தான் நடந்தது.

"ஒரே ஒரு வரி, நெரிடா. அதுக்காக மொத்தப் புத்தகத்தையும் வேணாம்னு சொல்றீங்களே" என்றாள் டானிகா.

"வீட்டுல ஒரே ஒரு சுவர்தானேன்னு இடிச்சுப் பாரு. கூரை உன் தலையில விழும்."

"கூரையெல்லாம் விழாது" என்றான் லூக்கா. "புதுசா வர்றவன் நாலு மாசம் ஆசையா வளர்த்த வேடம் ஒரு கேவலமான வீச்சுல போயிடுது. அவன் அப்புறம் வர்றதே இல்ல. அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அழச் சொல்லு. அழுதுட்டு அடுத்த வாரம் வரச் சொல்லு. கீத் வரலயா? எத்தனை பேரைப் புதைச்சிருக்கான், கேளு அவன."

கீத் பைப் பலகாரத்தைக் கடித்தபடி, "எனக்குன்னு தனிக் கல்லறையே இருக்கு" என்றான். சிரித்தார்கள். டெஸ் மட்டும் சிரிக்காமல் அட்டையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

சிரிப்பு நெரிடாவுக்கு உற்சாகமாகிவிட்டது. ஜெயிக்கிற மாதிரித் தோன்றினால் மனுஷர்கள் தங்களிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை எடுத்து மேசையில் போடுவார்கள். அவளும் போட்டாள்.

"டானிகா, நீ அப்ப இங்க இல்ல. கருங்கல் பாலம் கதை தெரியுமா? கோர்லா பாலத்து நுனியில தொங்குறா. மேல நெருப்பு, கீழ ஆறு. தப்பணும்னா இருபது விழணும். இருபது முகத்துல ஒரே ஒரு முகம். டெஸ் வீசினான். இருபதுன்னு சொன்னான். அன்னிக்கு டெஸ்ஸுக்கு எண்ண மாத்திச் சொல்ற உரிமை இருந்திருந்தா, எனக்கு அந்த இருபதுக்கு என்ன மரியாதை? ஏதோ பாவம்னு போட்டான்னு போயிருப்பேன். விழுந்ததாலதான் அது இருபது. அவ்வளவுதான் என் கட்சி."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். யாராவது ஏதாவது பதில் சொல்வார்கள் என்று பார்த்தாள். டானிகா புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லூக்கா ஜன்னலைப் பார்த்தான். கீத் மெல்லுவதை நிறுத்திவிட்டான். வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை.

கோல் கம்பத்தடியில் இத்தனை வருடம் நின்றவளுக்கு உரசல் தெரியாமலா போகும்? நெரிடா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து டெஸ்ஸின் முகத்தில் நின்றாள்.

"எத்தனை விழுந்துச்சு?" என்றாள்.

"நெரிடா..."

"எத்தனைன்னு கேட்டேன்."

டெஸ் கீத்தைப் பார்த்தான். கீத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாலு" என்றான் டெஸ்.

நெரிடா கொஞ்ச நேரம் அந்த நாலை மனசுக்குள் உருட்டிப் பார்த்தாள். இருபதாகவே பதினோரு வருடம் இருந்தது, ஒரு சொல்லில் நாலாகிப் போனது.

"கீத், உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவன் பக்கத்துல உட்கார்ந்து விதி பார்த்துக்கிட்டிருந்தேன். கண்ணுல பட்டுடுச்சு. வேணும்னு பார்க்கல."

"அதே பாலத்துல அடுத்த வீச்சு உன்னோடது. உன் குண்டுத் துறவி."

"ஆமா. எனக்கு ஒன்பது விழுந்துச்சு. ஒன்பதுன்னே சொன்னான், பாவி" என்றான் கீத். தமாஷாக முடிக்கப் பார்த்தான். யாரும் அவனுக்கு உதவவில்லை.

"டானிகா, நீ அப்ப ஊர்லயே இல்லயே. உனக்கு யார் சொன்னது?"

டானிகாவின் முகம் சிவந்தது. "கீத் வீட்டுல கறி சுட்டப்போ பேச்சுவாக்குல... உங்களைக் கிண்டல் பண்ணிச் சொல்லல. சத்தியமா. டெஸ் எவ்வளவு நல்லவர்னு சொல்றதுக்குத்தான்."

"லூக்காவுக்கும்?"

லூக்கா தலையாட்டினான்.

நெரிடாவுக்கு முதலில் வந்தது வெட்கம். கோபம் பிறகுதான் வந்தது. லான்செஸ்டனில் கை கொடுத்தவர்கள் எல்லாரும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். அவள் பாலம் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த மேசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். நல்ல மனுஷர்கள், அன்பாகத்தான் பார்த்திருப்பார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏன் செஞ்சே?" என்றாள்.

டெஸ்ஸின் சின்னக் குரல் இன்னும் சின்னதானது. "அன்னிக்கு நீ வந்ததும் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? நெஞ்சுல கட்டியை எடுத்தாச்சு, இனி மருந்து ஏத்திக்கப் போறதில்ல, எங்க அம்மா ஏத்திக்கிட்டுப் பட்டதைப் பார்த்தவ நான், இதைப் பத்தி யாரும் பேசாதீங்க, பகடையை எடுங்கன்னு சொன்னே. எங்கள வாயே திறக்க விடல. ஒரு மணி நேரம் கழிச்சு அட்டைக்குப் பின்னால நாலு கிடக்குது. நாலுன்னு என்னால சொல்ல முடியல. கோர்லாவையும் கொன்னு உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியல. அவ்வளவுதான். வேற எந்த வீச்சுலயும் கை வைக்கல, நெரிடா. அது ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னு நான் எப்படி நம்புறது?"

டெஸ் தன் அட்டையையே பார்த்தான்.

நெரிடா மேசையில் கிடந்த பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வீசவில்லை. பேச ஆரம்பித்தபோது குரல் பேருந்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலாகவே இருந்தது.

"உங்ககிட்டச் சொல்லாத ஒண்ணு எங்கிட்டயும் இருக்கு. அன்னிக்கு இங்கிருந்து இறங்கிப் போய் வண்டியில உட்கார்ந்தேன். மருந்து ஏத்திக்கிட்டா அதால பிழைக்க வாய்ப்புன்னு டாக்டர் சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதேதான், இருபதுல ஒண்ணு. அதுக்காக அம்மா மாதிரி வாந்தி எடுத்துச் சாகணுமான்னுதான் வேணாம்னு இருந்தேன். ஆனா இருபதுல ஒண்ணு விழுந்ததை இப்பத்தானே காதால கேட்டேன். டெஸ் பொய் சொல்ல மாட்டான். அப்ப அது விழும். விழுறது உண்டு. மறுநாள் காலைல ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். அந்த இருபதுக்காகத்தான் போனேன்."

டெஸ்ஸின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீத் அவன் தோளைத் தொட்டான்.

"அப்போ..." என்றாள் டானிகா, ஜாக்கிரதையாக. "அப்போ அவர் சொன்னது நல்லதுதானே, நெரிடா? அதனாலதானே நீங்க இன்னிக்கு இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"நல்லதுதான். நான் இல்லைன்னு சொன்னேனா? உயிரோட இருக்கேன், உன் பையை விடச் சூடா இருக்கேன், கீத். ஆனா அந்த மருந்து வார்டுல என் பக்கத்து நாற்காலியில ஒருத்தி உட்காருவா. மௌரீன்னு பேரு. மருந்தைப் பாதியிலயே விட்டுடலாம்னு இருந்தா. நான்தான் விடல. பாலத்துக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவளை இழுத்துட்டுப் போனேன். இருபது விழும், எனக்கு விழுந்திருக்கு, நிஜமா விழுந்ததுன்னு அவ கையைப் பிடிச்சுச் சொன்னேன். வாந்திக்கு நடுவுல சிரிப்பா. கடைசி வாரம்கூட 'இன்னும் விழலயே, நெரிடா'ன்னு கேட்டா. நான் அவகிட்டச் சொன்னது பொய். பொய்னு தெரியாமயே என் வாயால ஒரு சாகப்போறவகிட்டப் பொய் சொல்ல வச்சுட்டே, டெஸ். அதை எந்தக் கணக்குல வைக்கிறது, சொல்லு."

"எனக்குத் தெரியாதே" என்றான் டெஸ். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"தெரியாதுதான். நான் சொல்லலயே. ஆனா எனக்கு இருந்த நம்பிக்கை ஒண்ணே ஒண்ணு, அது உன் அட்டைக்குப் பின்னால இருந்துச்சு. என் தங்கை மகன் கோலையே நான் இல்லேன்னு சொன்னவ. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மட்டும் கஷ்டமா இல்லயா? கொடியை மாத்தி ஆட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நீ ஆட்டிட்டே. ஆட்டினது மட்டுமில்ல, பதினோரு வருஷம் நான் அதையே சொல்லிச் சொல்லிப் பெருமை அடிச்சுக்கிறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே. இணையத்துல உலகத்துக்கே உபதேசம் பண்ணிட்டிருந்தேன், இங்க நாலு பேரும் படிச்சுட்டுப் பேசாம இருந்தீங்க."

"எப்படிச் சொல்றது? சொல்லலாம்னு எத்தனையோ தடவை..." என்றான் டெஸ்.

"ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்தோம், டெஸ்."

அவன் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நெரிடாவுக்கும் பாவமாக இருந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை. பாவம் பார்த்ததால் வந்த வினைதானே இது என்று நினைத்ததும் மனசு மறுபடி இறுகியது. பகடையை அட்டைக்கு இந்தப் பக்கம், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள்.

"இப்ப வீசிப் பார்க்கலாமே" என்றான் லூக்கா. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "எல்லாரும் பார்க்க, வெளிப்படையா. கோர்லாவுக்கு ஒரு நிஜ வீச்சு."

"அந்தப் பாலத்துல இப்ப யாரும் தொங்கலப்பா" என்றாள் நெரிடா. "இப்ப இருபது விழுந்தாலும் நாலு விழுந்தாலும் அது இன்னிக்கு விழுந்தது. எனக்கு வேண்டியது அன்னிக்கு விழுந்தது. அதை நாலு பேர் வச்சிருந்தீங்க, நான் மட்டும் கேட்காம இருந்திருக்கேன்."

டானிகா மெதுவாகப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இன்னிக்கு இதெல்லாம் வேணாம். நான் எடுத்துட்டுப் போயிடுறேன். பழைய விதியே இருக்கட்டும். நிஜமாத்தான் சொல்றேன், எனக்கு இது அவ்வளவு முக்கியம் இல்ல."

"எனக்கு முக்கியம். வை அதை" என்றாள் நெரிடா. "ஓட்டு எடுக்கணும்னுதானே கூடினோம்? எடுப்போம். புதுப் பதிப்பு வேணுங்கிறவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஒரு மணி நேரமாக அதற்காகவே மல்லுக்கட்டிய லூக்கா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

நெரிடா தன் கையைத் தூக்கினாள். முழுசாக, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி.

"வேணாம், நெரிடா" என்றான் கீத். "இத்தனை பேரோட சண்டை போட்டுட்டு... நாளைக்கே வருத்தப்படுவே. கோபத்துல செய்யாதே."

"கோபம்தான். வருத்தமும்தான். ஆனா யோசிச்சுத்தான் தூக்கியிருக்கேன். பழைய புத்தகத்துல முதல் பக்கத்துலயே விழுந்ததை விழுந்தபடி சொல்லுன்னு இருக்கு. அதை எதிர்ல விரிச்சு வச்சுக்கிட்டே என்னை ஏமாத்தினீங்க. இதுல பொய் சொல்லலாம்னு எழுதியாவது இருக்கு. இனிமே டெஸ் சொல்ற எந்த எண்ணையும் நான் நம்பணும்னு யாரும் எதிர்பார்க்க மாட்டீங்க."

டானிகாவின் கை எழுந்தது. பிறகு லூக்கா, பிறகு கீத். டெஸ் முகத்தை மூடியிருந்த கைகளை எடுக்கவே இல்லை. நெரிடா அவசரப்படுத்தவில்லை. அவன் கை எழும்வரை தன் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.